ஆஃப்ரோடு டயர் வாங்கும் முன்: அது எவ்வளவு சுமை தாங்கும் என்று படிப்பது எப்படி?

கரடுமுரடான பாதைக்கு டயர் தேடுகிறவர்கள் முதலில் பட்டன்களை, அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகளைத்தான் பார்க்கிறார்கள். பட்டன் எவ்வளவு ஆழம், சேற்றில் பிடிக்குமா, பாறையில் நிற்குமா என்று விசாரிக்கிறார்கள். இவை அவசியமான கேள்விகள்தான். ஆனால் வண்டியின் மொத்த எடையையும் சுமப்பது டயரும் அதற்குள் இருக்கும் காற்றும். அந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பட்டனுக்கு வாருங்கள்.

முதல் படி: வண்டியின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். நிறுவனம் பொருத்திய டயரின் அளவும் அதற்கான காற்றழுத்தமும் அதில் இருக்கும். முன், பின் அச்சுகள் ஒவ்வொன்றும் அதிகபட்சம் எவ்வளவு தாங்கலாம் என்பதை அங்கேயோ வண்டியின் கையேட்டிலோ பார்க்கலாம். பின் அச்சுக்கு 1,800 கிலோ என்றால் ஒரு டயருக்கு 900 கிலோ. இது குறைந்தபட்சத் தேவை. சரிவில் வண்டி சாயும்போது தாழ்ந்த பக்கத்து டயரின் மீது கூடுதல் எடை இறங்கும் என்பதால் தாராளமாக இடம் விட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் கருவி), கூரைக் கூடாரம் எல்லாம் மாட்டிய வண்டி என்றால் ஊகம் வேண்டாம். பயணத்துக்குப் போவதுபோலவே சாமான்களையும் ஆட்களையும் ஏற்றி, எடை மேடையில் முன் சக்கரங்களைத் தனியாகவும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்தி எடை பாருங்கள். 60 லிட்டர் தண்ணீரே 60 கிலோ. அது பெரும்பாலும் பின் அச்சின் மேல்தான் உட்காருகிறது.

இரண்டாம் படி: டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

265/70ஆர்17 115டி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். ஆர் என்றால் ரேடியல் என்ற கட்டமைப்பு வகை, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். நமக்கு வேண்டியது அடுத்து வரும் 115. இதுதான் லோடு இண்டெக்ஸ், அதாவது சுமைக் குறியீட்டு எண். இது கிலோவைக் குறிப்பதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அட்டவணையில் ஓர் எடை உண்டு. 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 110 என்றால் 1,060, 115 என்றால் 1,215, 120 என்றால் 1,400. கடைசி எழுத்து வேக வரம்பு: கியூ (Q) மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் (S) 180, டி (T) 190.

நிறுவனம் பொருத்திய டயரின் எண்ணைவிடக் குறைவான எண் கொண்டதை, பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

மூன்றாம் படி: எல்டி டயர்கள்

அளவுக்கு முன்னால் எல்டி என்று இருந்தால் அது இலகுரக டிரக்குகளுக்காகச் செய்த டயர். எல்டி265/70ஆர்17 121/118எஸ் என்பதில் இரண்டு எண்கள் இருக்கின்றன. 121, அதாவது 1,450 கிலோ, அச்சின் ஒவ்வொரு பக்கமும் ஒற்றை டயர் இருக்கும்போது. 118, அதாவது 1,320 கிலோ, ஒரே பக்கத்தில் இரட்டை டயர் ஓடும்போது. உங்கள் ஜீப்புக்கோ பிக்கப்புக்கோ முதல் எண் மட்டும் போதும்.

லோடு ரேஞ்ச், அதாவது சுமை ரகத்தைக் காட்டும் சி (C), டி (D), இ (E) என்ற எழுத்துகளும் இருக்கும். கடைகளில் இவற்றையே 6 பிளை, 8 பிளை, 10 பிளை என்பார்கள்; பிளை என்றால் அடுக்கு. 10 பிளை டயருக்குள் இப்போது பத்து அடுக்குகள் இருப்பதில்லை; அது வலிமையின் அளவு மட்டுமே. உண்மையான அடுக்குகளை அறிய, பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் எத்தனை பாலியெஸ்டர், எத்தனை ஸ்டீல் என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கூரான கற்களில் ஓட்டுகிறவர்களுக்கு, பக்கச்சுவரில் மூன்று பாலியெஸ்டர் அடுக்குகள் இருப்பது பெரிய பலம்.

நான்காம் படி: காற்றழுத்தத்தோடு சேர்த்துப் பாருங்கள்

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். டயரில் போட்டிருக்கும் எடை, குறிப்பிட்ட காற்றழுத்தத்தில் மட்டுமே உண்மை. சாதாரண 115 டயர் ஏறக்குறைய 36 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்திலேயே 1,215 கிலோவைத் தாங்கிவிடும். அதே அளவில் லோடு ரேஞ்ச் இ எல்டி டயர் 1,450 கிலோவைத் தாங்க 80 பிஎஸ்ஐ வேண்டும். 50 பிஎஸ்ஐ வைத்தால் அது ஏறக்குறைய 1,120 கிலோதான் தாங்கும். பழைய ஸ்டிக்கரைப் பார்த்து 35 பிஎஸ்ஐ மட்டும் அடித்தால், கழற்றிப் போட்ட டயரைவிடப் புதியது வெகு குறைவாகவே சுமக்கும். பத்து பிளை போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கையில் முழுச் சுமையுடன் நெடுஞ்சாலையில் விரைந்தால், பக்கச்சுவர் அளவுக்கு மீறி வளைந்து சூடேறும். வெடிப்பதும் அடுக்குகள் பிரிவதும் அப்படித்தான் தொடங்குகின்றன.

எனவே டயர் நிறுவனத்தின் சுமை–அழுத்த அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எடை மேடையில் கிடைத்த அச்சு எடையைப் பாதியாக்கி, அதற்கு மேற்பட்ட எடைக்கான அழுத்தத்தை முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மணலிலும் பாறையிலும் காற்றைக் குறைத்து ஓட்டுவது வேறு விஷயம். அங்கே வேகம் மிகக் குறைவு என்பதால்தான் அது முடிகிறது. தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மீண்டும் காற்று நிரப்பியே ஆக வேண்டும். அதற்கு ஒரு கம்ப்ரசரும் நல்ல அளவுமானியும் வண்டியிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எது போதும்?

கனமான டயர் எப்போதும் நல்லது என்ற எண்ணம் எனக்கு உடன்பாடில்லை. இலகுவான வண்டியில் லோடு ரேஞ்ச் இ போட்டால் சக்கரம் கனக்கும், குலுக்கல் கூடும், எரிபொருள் அதிகம் செலவாகும். காற்றைக் குறைத்தாலும் விறைப்பான பக்கச்சுவர் எளிதில் வளைந்து பாறையைப் பற்றாது. இரண்டு பேரும் கொஞ்சம் சாமானும் ஏற்றும் வண்டிக்கு, எடைக் கணக்கு இடம் கொடுத்தால், லோடு ரேஞ்ச் சி போதும். தண்ணீர், வின்ச், கூடாரம் என்று முதுகு நிறையச் சுமக்கும் பிக்கப்புக்கு டி அல்லது இ பொருத்தமானது.

இ ரகத்தில் உயர் அழுத்தம் வைக்கப் போகிறீர்கள் என்றால், ரிம்முக்கும் அந்தச் சுமையும் அழுத்தமும் அனுமதிக்கப்பட்டவைதானா என்று பாருங்கள். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான். அதற்கு மேல் உலோக வால்வு கேட்டுப் போடச் சொல்லுங்கள். ஸ்டெப்னியும் இதே அளவில், இதே லோடு இண்டெக்ஸில் இருக்க வேண்டும்.