பகடையைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள்: டி அண்ட் டி-யில் பெர்சுவேஷன் செக்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுக் கதை ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பில் புதிதாக டிஎம் நாற்காலியில், அதாவது ஆட்டத்தை நடத்துபவர் இடத்தில், உட்கார்ந்தவர்களுக்கு இது. டி20 எனும் இருபது முகப் பகடையை உருட்டி மாடிஃபையரை (பாத்திரத்தின் திறமைக்கான எண்ணை) கூட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் சறுக்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நடத்திய மூன்றாவது ஆட்டம். சிறைக்கோட்டை வாசலில் ஒரு காவலன். பார்டாக (பாட்டுக்காரப் பாத்திரமாக) ஆடியவர், "பெர்சுவேஷன் போடுறேன்", அதாவது பேசி இணங்க வைக்கும் திறனுக்குப் பகடை போடுகிறேன் என்று சொல்லும்போதே பகடை உருண்டுவிட்டது. இருபது! மேசையைச் சுற்றி ஒரே கூச்சல். "சரி, அவன்கிட்ட என்ன கேட்டீங்க?" என்றேன். "சாவிக்கொத்து." நானும் அசடு வழியக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த நிலவறை வரைபடம் இன்னும் ஃபைலில் மடங்கிக் கிடக்கிறது.

படி 1: கேள்வி முதலில், பகடை பிறகு

யாரிடம், என்ன கேட்கிறார், எதைச் சொல்லிக் கேட்கிறார்? இந்த மூன்றும் தெரியாமல் உருண்ட பகடை என் மேசையில் செல்லாது. இருபது விழுந்திருந்தாலும் செல்லாது. முதல் வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

படி 2: உருட்டத்தான் வேண்டுமா?

சத்திரத்துக்கு வழி கேட்டால் காவலன் சும்மாவே சொல்வான். அரசனிடம் கிரீடத்தைக் கேட்டால் எப்படிக் கேட்டாலும் தர மாட்டான். இரண்டுக்கும் பகடை வேண்டாம். அவன் மனசு ஊசலாடும் இடத்தில் மட்டும் உருட்டச் சொல்லுங்கள். 20 விழுந்தாலே வெற்றி என்பது தாக்குதலுக்கான விதி. பெர்சுவேஷன் போன்ற ஸ்கில் செக்குக்கு (திறமையைச் சோதிக்கும் உருட்டலுக்கு) அது கிடையாது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

படி 3: டிசி (வெல்லத் தொட வேண்டிய எண்) வைப்பது

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். பேச்சு என்றாலே டிசி 15 என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொண்டிருந்தேன். 2014 டிஎம் கையேட்டில் இதற்கென்றே ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது; பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. எதிராளி நட்பா, அலட்சியமா, பகையா என்று பார்க்க வேண்டும். அப்புறம், கேட்பதைச் செய்தால் அவனுக்கு என்ன ஆபத்து என்று பார்க்க வேண்டும்.

நம் காவலன் அலட்சிய ரகம். மழைக்கு வாசலோரம் ஒதுங்க விடுவதில் அவனுக்கு நஷ்டம் இல்லை: டிசி 10. கைதிகள் பதிவேட்டைக் காட்டினால் தலைவனிடம் திட்டு விழலாம்: டிசி 20. சாவிக்கொத்து? வேலையும் போகும், தலையும் போகும். அலட்சியமானவனுக்கு அந்த அளவு ஆபத்து அட்டவணையிலேயே இல்லை. நட்பானவன்தான் அதைச் செய்வான், அதுவும் டிசி 20-இல்.

அப்படியானால் முதலில் அவனை நண்பனாக்க வேண்டும். பேச்சுக்கொடுத்து, இன்சைட் (மனசைப் படிக்கும் திறன்) போட்டு, அவனுக்கு எது முக்கியம் என்று கண்டுபிடிக்கட்டும். மகளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரிப் பாத்திரம்) போய்க் குணப்படுத்தினால் அவன் ஒரு படி இறங்கி வருவான். ஆட்டத்தின் சுவையே இங்கேதான். நல்ல காரணம் சொன்னால் அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) கொடுங்கள். பார்டுக்கு +5 என்றால் டிசி 20-ஐத் தொட 30 சதவீத வாய்ப்பு; அட்வான்டேஜோடு 51.

2024 விதிப்புத்தகம் இதைச் சுருக்கிவிட்டது: 15 அல்லது எதிராளியின் இன்டெலிஜென்ஸ் (அறிவுத்திறன்) எண், எது அதிகமோ அதுவே டிசி. வேகமாக இருக்கிறது, ஆனால் எனக்குப் பழைய அட்டவணைதான் பிடிக்கும். காவலன் எதற்குப் பயப்படுகிறான் என்று அது என்னை யோசிக்க வைக்கிறது.

படி 4: தோற்றால்

"முடியாது, போ" என்று மட்டும் சொன்னால் கதை அங்கேயே நின்றுவிடும். ஐந்து பொற்காசு கேட்கட்டும், அல்லது சந்தேகப்பட்டு இன்னொரு காவலனைக் கூப்பிடட்டும். ஒருவர் தோற்றதும் "நானும் போடுறேன்" என்று வரிசை கட்டுவார்கள். புதிதாக ஒரு காரணம் இல்லாமல் மறு உருட்டல் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கருவி என்று பார்த்தால் ஒரு அட்டை போதும். ஒவ்வொரு என்பிசிக்கும் (டிஎம் நடிக்கும் பாத்திரத்துக்கும்) மூன்று வரி: என்ன வேண்டும், எதற்குப் பயம், எதைத் தரவே மாட்டான். மொபைல் ஆப்பில் பகடை உருட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேசையில் உருளும் சத்தம் கேட்க வேண்டும்.

பின்சேர்க்கை: "எனக்குப் பேசவே வராது, என் பாத்திரத்துக்குக் கரிஸ்மா (பேச்சுக்கவர்ச்சி) 18. நான் என்ன செய்ய?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வசனம் பேச வேண்டியதே இல்லை. "மகளைக் காப்பாற்றியதை நினைவுபடுத்தி, ஒரு மணி நேரத்துக்குச் சாவியைக் கேட்கிறேன்" என்றால் போதும். வாள் வீசுகிறவரை எழுந்து வீசிக் காட்டச் சொல்கிறோமா?

இன்னொருவர், ஒரு ஆட்டக்காரர் இன்னொரு ஆட்டக்காரர்மேல் பெர்சுவேஷன் போடலாமா என்றார். என் மேசையில் கூடாது. ஒருமுறை விட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் அடுத்த வாரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை.