ஐஸ் டாம் வராத கூரைக்கு எஸ்டிமேட் போடுவது எப்படி

மின்னியாபொலிஸ் போன்ற குளிர் ஊரில் கூரை மாற்றும் வேலைக்கு விலை கேட்டால், பலரும் ஷிங்கிள் (கூரைமேல் அடுக்கும் தார்த் தகடு) கணக்கோடு, இறவாரத்தில் அதற்கடியில் ஒட்டும் மெம்பிரேன் (நீர் புகாத படலம்) இரண்டு ரோலையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஐஸ் டாம் என்பது இறவாரத்தில் வரப்புபோல் உறைந்து நீரைத் தேக்கும் பனிக்கட்டி. மெம்பிரேன் அதைத் தடுக்காது. ஐஸ் கட்டிய பிறகு தண்ணீர் வீட்டுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் மெம்பிரேனின் வேலை. எஸ்டிமேட்டில் ஐஸ் டாமைத் தடுக்கும் வேலையையும் கசிவைத் தடுக்கும் வேலையையும் பிரித்து எழுதாவிட்டால், அடுத்த பிப்ரவரியில் வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிடுவார்.

வீட்டுச் சூடு சீலிங் வழியாக அட்டிக்கில் (சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடம்) கசிந்து கூரைப் பலகையைச் சூடாக்குகிறது. வெளியே 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தாலும், பலகை அதற்கு மேல் போனால் அதன்மேல் கிடக்கும் பனியின் அடிப்பக்கம் உருகும். அந்த நீர் வழிந்து, சுவரைத் தாண்டி நீண்டிருக்கும் இறவாரத்துக்கு வந்ததும் உறைகிறது. அதற்கடியில் சூடு இல்லையே. உறைந்த வரப்புக்குப் பின்னால் நீர் தேங்கி மேல்நோக்கி ஏறும். ஷிங்கிள் வழிந்தோடும் நீரைத்தான் தாங்கும், தேங்கும் நீரைத் தாங்காது.

ஆகவே முதலில் அட்டிக்கில் ஏறிப் பாருங்கள். குளிர்காலமாக இருந்தால் அதற்கு முன் தெருவில் நின்று கூரையையும் ஒரு முறை பார்த்துவிடலாம். பக்கத்து வீட்டில் பனி சீராகக் கிடக்க, இங்கே மட்டும் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தால் அந்தத் திட்டுகளுக்கு நேர்கீழே சூடு கசிகிறது. அட்டிக்கில் எண்ண வேண்டியவை: சீலிங்குக்குள் பதித்த விளக்குகள், கழிவுநீர்க் காற்றுக் குழாய் ஏறும் துளை, உள்சுவர்களின் தலைக்கட்டையில் வயருக்காகப் போட்ட துளைகள், அட்டிக் கதவு, புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி. குளியலறை ஃபேன் காற்றை அட்டிக்குக்குள்ளேயே விட்டிருந்தால் அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோக இன்சுலேட்டட் குழாய், கூரை மூடி, ஆள்கூலி எல்லாவற்றையும் தனி வரியாகப் போடுங்கள். செங்கல் புகைபோக்கியைச் சுற்றி நுரை அடிக்கக் கூடாது. மரச்சட்டத்துக்கும் அதற்கும் 2 அங்குல இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத் தகரமும் தீ தாங்கும் சீலன்ட்டும் வைத்து மூட வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை போடுவதே நல்லது. ‘ஏர் சீலிங்’ (துளைகளை அடைப்பது) என்று மொத்தமாக ஒரு தொகை எழுதினால், இன்சுலேஷனை விலக்கிப் பார்த்து இன்னும் துளைகள் தெரியும்போது நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒரு மாதிரி வீட்டை வைத்துக் கணக்குப் பார்ப்போம். சுவர் அளவு 40 × 28 அடி, இரண்டு சரிவு, 12-க்கு 6 சாய்வு (12 அங்குலம் உள்ளே போக 6 அங்குலம் உயரும்). இறவாரம் 18 அங்குலமும் பக்க நீட்சி 1 அடியும் இருக்கின்றன.

அட்டிக் தரை 1,120 சதுர அடி. இன்சுலேஷன் சூட்டைத் தடுக்கும் திறனை ஆர் எண்ணால் சொல்வார்கள். இருப்பது ஆர்-19 இன்சுலேஷன், தேவை ஆர்-49 என்றால் ஊதிப் போடும் செல்லுலோஸ் (காகித நார்) இன்னும் சுமார் 9 அங்குலம் வேண்டும். அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.5 கிடைக்கும். மூட்டை எண்ணிக்கையை மூட்டையில் அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து எடுங்கள், அங்குலக் கணக்கை மட்டும் நம்பினால் செல்லுலோஸ் படிந்து தாழும்போது குறையும். ஏர் சீலிங் முடியும்முன் ஊதக் கூடாது. கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் உயரம் சில அங்குலமே இருக்கும், அங்கே 14 அங்குலம் கொள்ளாது. சூடு அதிகம் தப்புவதும் அங்கேதான். அந்த ஓரத்துக்கு மட்டும் குளோஸ்டு செல் ஸ்பிரே ஃபோம் (குறைந்த கனத்தில் அதிகம் தடுக்கும் நுரை) போட்டு எஸ்டிமேட்டில் தனி வரி காட்டுங்கள்.

இன்சுலேஷன் சாஃபிட் (இறவாரத்தின் அடிப்பக்கம்) காற்றுவழியை அடைக்காமல் இருக்க ஒவ்வொரு கைமர இடைவெளிக்கும் ஒரு பாஃபிள் (காற்றுக்கு வழிவிடும் தடுப்பு) வேண்டும். கைமரங்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்தால் ஒரு பக்கம் 20, இரு பக்கமும் 40; இடைவெளி 16 அங்குலமானால் 60. பலகைக்கும் இன்சுலேஷனுக்கும் நடுவே குறைந்தது 1 அங்குலம் காற்று ஓட வேண்டும்.

காற்றோட்டக் கணக்கில் அட்டிக் தரைப்பரப்பில் 300-ல் 1 பங்கு என்று எடுத்தால் நிகரத் திறப்பு (வலை, சட்டம் போகக் காற்று போகும் பரப்பு) சுமார் 538 சதுர அங்குலம். இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. பூர்த்தியாகாவிட்டால் 150-ல் 1 பங்கு, அதாவது இரட்டிப்பு. முகட்டில் 38 அடிக்கு ரிட்ஜ் வென்ட் (முகட்டு நீளத்துக்குக் காற்று வெளியேறும் திறப்பு) வைத்து, அது அடிக்கு 18 சதுர அங்குலம் தருமானால் 684 வரும். கீழே சாஃபிட்டில் அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும்: 80 அடி, அடிக்கு 9 என்றால் 720, போதும். சாஃபிட் அடைத்திருக்கும்போது ரிட்ஜ் வென்ட் மட்டும் வைப்பது உள்ளதையும் கெடுக்கும் வேலை. அது இழுக்கும் காற்று வீட்டுக்குள்ளிருந்து சீலிங் ஓட்டைகள் வழியே வரும், சூட்டையும் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு. மோட்டார் ஃபேனை ரிட்ஜ் வென்ட்டோடு கலக்கவும் வேண்டாம்.

இனி கூரை. நீட்சிகளையும் சேர்த்துத் தரைப்படத்தில் 42 × 31 அடி, 1,302 சதுர அடி. 12-க்கு 6 சாய்வுக்கு 1.118-ஆல் பெருக்கினால் 1,456. சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 16 ஸ்குயர் (ஒரு ஸ்குயர் 100 சதுர அடி). ஸ்குயருக்கு 3 கட்டு வீதம் 48 கட்டு. கூடுவாய் (இரண்டு சரிவுகள் சேரும் பள்ளம்) உள்ள கூரைக்குச் சேதாரத்தை 15 ஆக்குங்கள். ஸ்டார்ட்டர் (விளிம்பில் போடும் முதல் வரிசை), முகட்டு ஷிங்கிள் இரண்டும் தனி. ட்ரிப் எட்ஜ் (விளிம்புத் தகடு) 154 அடி, 10 அடித் துண்டுகள் 17.

மெம்பிரேனில்தான் தவறு அதிகம். அமெரிக்காவின் ஐஆர்சி (வீடு கட்டும் மாதிரி விதித்தொகுப்பு) விதிப்படி அது இறவார விளிம்பிலிருந்து வெளிச்சுவர்க் கோட்டுக்கு உள்ளே 24 அங்குலம் வரை போக வேண்டும். இது கிடைமட்ட அளவு. சாய்வு 12-க்கு 8 அல்லது அதற்கு மேல் என்றால் சரிவின்மேல் 36 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. சுவர்க் கனத்தையும் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு: இறவாரம் 18 + சுவர் 6 + உள்ளே 24 = 48 அங்குலம். அதை 1.118-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 54 அங்குலம். ரோல் அகலமோ 36. ஒரு வரிசை போதாது, இரண்டு வேண்டும். 42 அடி, இரண்டு பக்கம், இரண்டு வரிசை என்றால் 168 அடி. 66 அடி ரோல் மூன்று. மிச்சத்தில் புகைபோக்கியையும் குழாய்களையும் சுற்றிவிடலாம். கூடுவாய் இருந்தால் அதன் நீளத்தைத் தனியே கூட்டுங்கள்.

டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ வீடு இருப்பவர்களுக்கு ஒன்டாரியோ விதி வேறு: சரிவின்மேல் குறைந்தது 900 மில்லிமீட்டர், சுவரின் உள்முகத்துக்கு 300 மில்லிமீட்டர் உள்ளே வரை. இதே வீட்டுக்கு அது 40 அங்குலம் சொச்சம். அங்கேயும் ஒற்றை ரோல் நாலு அங்குலம் குறைகிறது.

கூரை முழுக்க மெம்பிரேன் கேட்பவர்கள் உண்டு. அது ஈரம் வெளியேறும் வழியை மூடும், வீட்டின் ஈரக்காற்று கசியும் அட்டிக் என்றால் பலகை அடியிலிருந்து அழுகும். மறுத்துவிடலாம்.

பழைய கூரையில் ஒட்டிய மெம்பிரேன் இருந்தால் உரிக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். ஐஆர்சி அதை விட்டுவிட்டு மேலே புதியது ஒட்ட அனுமதிக்கிறது. மெம்பிரேன் இல்லாத பழைய வீட்டில் இறவாரப் பலகை அழுகியிருக்க வாய்ப்பு அதிகம், பக்கத்துக்கு 4 × 8 அடி ஷீட் 6 வரை போகலாம். அதை மொத்தத்தில் சேர்க்காமல் ஷீட் விலையாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தண்ணீர்ப் பீலியைக் கழற்றி மாட்டும் கூலி 84 அடிக்கு. சுமார் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெரும்பாலான மெம்பிரேன் சரியாக ஒட்டாது என்பதால், நவம்பர் வேலைக்குத் தாமத நிபந்தனையும் சேர்க்க வேண்டும்.

கூரையோரப் பனியை உருக்கப் போடும் சூடாக்கும் கேபிளை அடிப்படை விலைக்குள் கொண்டுவராதீர்கள். அட்டிக்கைச் சரிசெய்ய முடியாத இடத்துக்கு, உதாரணமாக அட்டிக்கே இல்லாத சரிவுச் சீலிங்குக்கு, மின்பணியாளர் செலவையும் சேர்த்து அதை விருப்ப வரியாகக் காட்டலாம். வாடிக்கையாளர் அட்டிக் வேலையை வேண்டாம் என்றால், ‘மெம்பிரேன் கசிவைக் குறைக்கும், ஐஸ் டாம் வராது என்ற உத்தரவாதம் இல்லை’ என்று எஸ்டிமேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.