ரீசார்ஜ் செலவைக் குறைப்பது எப்படி? பிளான் மாற்றுவதில் இருந்து போர்ட் வரை

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்யக் கடைக்குப் போனேன். அம்மா வைத்திருப்பது பட்டன் போன். 5-ம் 8-ம் தேய்ந்து காணாமல் போன பட்டன் போன். கடைத் தம்பி என்னைப் பார்த்ததும் "அம்மாவுக்கு வழக்கம்போல 299தானேண்ணே?" என்றார். 28 நாளுக்கு, தினம் 1 ஜிபி டேட்டாவோடு. இணையமே இல்லாத போனுக்கு மாதம் 28 ஜிபி! தம்பி மேல் குற்றமில்லை, வேறு எதுவும் வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு அம்மாவுக்குச் செய்ததையும் அப்புறம் எனக்குச் செய்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். ப்ரீபெய்டுக்குத்தான் பெரும்பாலும் சொல்கிறேன்.

முதலில் எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள்

போனில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதிக்குள் டேட்டா யூசேஜ் என்று இருப்பதைத் திறங்கள். போன மாதம் மொபைல் டேட்டா எத்தனை ஜிபி என்று காட்டும். வைஃபை கணக்கு தனியாக இருக்கும், அதைச் சேர்க்காதீர்கள். என் போனில் மாதம் 9 ஜிபி காட்டியது, நான் கட்டிக்கொண்டிருந்ததோ தினம் 2 ஜிபி பிளானுக்கு. வீட்டிலும் ஆபீஸிலும் வைஃபை இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கதைதான். தினசரி டேட்டா ராத்திரி 12 மணிக்கு மீதியோடு போய்விடும், பெரும்பாலான பிளான்களில் மறுநாளுக்குச் சேராது.

அப்புறம் ஒரு நாள் கணக்கு

பிளான் விலையை வேலிடிட்டி நாளால் வகுங்கள். வேறு எந்த விளம்பரத்தையும் பார்க்க வேண்டாம். 2024 ஜூலையில் எல்லாத் தனியார் நிறுவனங்களும் விலை ஏற்றியபோது ஜியோவில் தினம் 1.5 ஜிபி தரும் 28 நாள் பிளான் 299 ரூபாய் ஆனது, அதே டேட்டா 84 நாளுக்கு 799. முதலாவது நாளுக்கு 10 ரூபாய் 68 காசு, இரண்டாவது 9 ரூபாய் 51 காசு. இன்னொன்று, 28 நாள் என்பது மாதம் இல்லை. வருஷத்துக்கு 12 தடவை கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு 13 தடவை கட்டுகிறோம். 30 நாள் பிளான் ஒன்றாவது, ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றாவது நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது, அதனால் உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் தேடினால் இருக்கும்.

விலைகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் நான் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கட்டுகிற அன்றைக்கு ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அதே நிறுவனத்திலேயே சின்ன பிளான் இருக்கிறதா?

இதைப் பார்க்காமல் போர்ட் செய்ய, அதாவது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற, ஓடாதீர்கள். டேட்டாவே வேண்டாம் என்பவர்களுக்காக, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பிளான் கட்டாயம் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் அவை வந்தன: ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1849. ஜியோவில் 84 நாளுக்கு 448. ஆனால் ஆப்பைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்க மாட்டார்கள், டேட்டா, ஓடிடி, கிரிக்கெட் எல்லாவற்றையும் தாண்டிக் கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கடையில் கேட்பதானால் "வாய்ஸ் மட்டும் உள்ள பிளான்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அம்மாவுக்கு 299-ஐ 13 தடவை போட்டால் 3887. வருஷ வாய்ஸ் பிளான் 1849. மிச்சம் 2038 ரூபாய், ஒரு போன் அழைப்புகூடக் குறையாமல்.

மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய பிளானில் நாள் மிச்சம் இருக்கும்போது புதியதைப் போட்டால் அது வரிசையில் காத்திருக்கிறதா, உடனே ஆரம்பித்துவிடுகிறதா என்பதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே படித்துவிடுங்கள். ஆட்டோபே போட்டிருந்தால் யுபிஐ ஆப்பில் போய் அதை முதலில் ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் பழைய பிளானுக்கும் பணம் போகும். எனக்குப் போனது.

போர்ட் செய்துதான் ஆக வேண்டும் என்றால்

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது. வேலை சின்னதுதான், ஆனால் முன்னாலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு.

புது நிறுவனத்தின் டவர் உங்கள் வீட்டுக்குள் எடுக்கிறதா? தெருவில் எடுப்பது கணக்கில்லை. பக்கத்து வீட்டு அக்காவோ மாமாவோ அந்த சிம் வைத்திருந்தால் போனை வாங்கி, உங்கள் சமையலறையில் நின்று ஒரு போன் பேசிப் பாருங்கள். நிறுவனங்களின் இணையதளத்தில் கவரேஜ் வரைபடமும் இருக்கிறது, அதைவிட நான் சமையலறையைத்தான் நம்புவேன். பிஎஸ்என்எல் விலையைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2025 செப்டம்பர் இறுதியில் அவர்களின் 4ஜி நாடு முழுக்க அதிகாரப்பூர்வமாகத் தொடங்கினாலும் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருக்கிறது. பழைய 2ஜி பட்டன் போன் வைத்திருப்பவர்கள் ஜியோவுக்கு மாற முடியாது, அங்கே 4ஜி, 5ஜி மட்டும்தான்.

இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால் பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்தோ பழுதாகியோ புது சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் போர்ட் கேட்க முடியும், 2024 ஜூலை 1 முதல் இப்படி. அப்பா பெயரில் இருக்கும் எண்ணை நீங்கள் போய் உங்கள் பெயரில் போர்ட் செய்ய முடியாது, அப்பாவே ஆதாரோடு வர வேண்டும்.

ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸும் நாளும் புது நிறுவனத்துக்கு வராது. அதனால் வேலிடிட்டி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது ஆரம்பியுங்கள்.

மெசேஜ் ஆப்பைத் திறந்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் 10 இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்புங்கள். எந்த சிம்மை மாற்றுகிறீர்களோ அதிலிருந்தே போக வேண்டும், இரண்டு சிம் போனில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிளானில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும் 1900-க்கு அனுப்ப விட வேண்டும் என்பது விதி. தகுதி இருந்தால் யூபிசி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 8 இலக்கக் குறியீடு பதிலாக வரும். தமிழ்நாட்டில் அது 4 நாள் செல்லும். அதை யார் போனில் கேட்டாலும் சொல்லக் கூடாது, புது நிறுவனத்தின் கடையில் மட்டும் காட்டுங்கள். காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன், வாசித்துச் சொல்லாதீர்கள். நான் வாசித்தபோது பூஜ்யத்தை ஆங்கில ஓ என்று சொல்லி, இரண்டு தடவை "தவறான குறியீடு" என்று வந்து, பின்னால் வரிசையில் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

கடையில் ஆதாரும் கைரேகையோ போட்டோவோ எடுத்துப் புது சிம் தருவார்கள். பழைய சிம்மை அன்றைக்கே கழற்ற வேண்டாம். ஒரே வட்டத்துக்குள் (தொலைபேசிச் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிதான் வட்டம்) என்றால் 3 வேலை நாள், வேறு மாநில வட்டத்து எண் என்றால் 5 வேலை நாள் ஆகும். மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் போர்ட் என்பதற்குப் பதில் கேன்சல் என்று போட்டு, அதே மாதிரி 1900-க்கு அனுப்பலாம்.

இடையில் பழைய நிறுவனத்தில் இருந்து போன் வரும். "உங்களுக்கு மட்டும் சார்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு வந்த அழைப்பில் சொன்ன விலை நல்ல விலைதான், ஆனால் ஆப்பில் அப்படி ஒரு பிளானே இல்லை. ஆப்பில் தெரியாத எதையும் நம்பிக் கேன்சல் செய்யாதீர்கள்.

பழைய சிம்மில் சிக்னல் திடீரென்று போனால் மாறிவிட்டது என்று அர்த்தம். புது சிம்மைப் போட்டு போனை ஒருமுறை அணைத்து ஏற்றுங்கள். வாட்ஸ்அப் அப்படியே இருக்கும். ஜிபே, போன்பே போன்றவை சிம் மாறியதைக் கண்டுகொண்டு மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம், அதற்கு உங்கள் போனில் இருந்தே ஓர் எஸ்எம்எஸ் போகும், அதனால் முதல் ரீசார்ஜ் எஸ்எம்எஸ் உள்ள பிளானாக இருக்கட்டும். அந்த ஒரு நாள் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பெட்ரோல் பங்கில் நின்று கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்குப் போர்ட் தேவைப்படவில்லை, பிளான் மட்டும்தான் மாறியது. முடியும் தேதியை எப்போதும்போல நாள்காட்டியில் குறிக்கப் போனார், அது அடுத்த வருஷத் தேதி, தாளே இல்லை. என் போனில் பத்து நாள் முன்னதாக அலாரம் வைத்திருக்கிறேன்.