மலையில் நிற்கிற கங்காணி யாருடைய ஆள்? ஆள் அனுப்பும் தொழிலைப் பதியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் நான் கணக்கு எழுதிக் கொடுக்கிற மேசைக்கு, ஆள் அனுப்புகிற கொந்தராத்துக்காரர்கள் அடிக்கடி வருவார்கள். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். ஆளின் பெயர், வேலைக்குப் போன நாள், வாங்கிய முற்பணம் எல்லாம் அதற்குள். படிவத்தில் 'தொழிலின் தன்மை' என்ற கட்டத்துக்கு வந்ததும் பதில் தயாராக இருக்கும்: "நம்ம ஆளுங்க கொழுந்துதானே எடுக்கிறாங்க, விவசாயம்னு போடுங்க அண்ணே."

நானும் ஒரு காலத்தில் அப்படியே போட்டுக் கொடுத்தேன். மஸ்கெலியா பக்கத்து ஒருவரின் கடன் விண்ணப்பம் திரும்பி வந்தபோதுதான் விழித்தேன். படிவத்தில் தேயிலைச் செய்கை, இணைத்த பில்லில் '18 பேர், 26 நாள்'. அவருக்கு ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது.

ஆள் செய்கிற வேலையைப் பார்த்துத் தொழிலை வகைப்படுத்துவதுதான் இதில் மிகச் சாதாரணமான தவறு. பார்க்க வேண்டியது நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பதை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கைத்தொழில் வகைப்படுத்தல், ஐக்கிய நாடுகள் 2008இல் வெளியிட்ட நான்காம் திருத்தத்தை ஒட்டியது. அதில் பிரிவு 78 முழுக்க வேலைவாய்ப்புச் சேவைகளுக்கு உரியது. உங்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிற ஆட்களை இன்னொருவர் இடத்துக்குக் குறுகிய காலம் அனுப்பி, அங்கே அவர்களை வேலை வாங்குவது அந்த இடத்துக்காரர் என்றால் அந்தத் தொழிலின் இலக்கம் 7820. அவர்கள் கொழுந்து எடுத்தாலும் சரி, ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டலில் படுக்கை விரித்தாலும் சரி, இலக்கம் மாறாது. 0127 தேயிலை வளர்க்கிற தோட்டத்துக்கு, 5510 ஹோட்டலுக்கு.

சரியென்று எல்லாவற்றையும் 7820இல் தள்ளுவதும் பிழைதான். நான் கேட்கிற கேள்வி ஒன்றே: தேயிலை மலையில் நிற்கிற கங்காணி, அதாவது மேற்பார்வை பார்க்கிறவர், யாருடைய ஆள்? தோட்டத்துக் கங்காணி நிரை பிரித்துக் கொடுத்து, தோட்டத்துத் தராசில் நிறுத்து, நீங்கள் ஆளை மட்டும் வேனில் இறக்கிவிட்டு வந்தால், ஆள் வழங்கல். மாறாக, நான்கு ஹெக்டேர் கவ்வாத்தை, அதாவது தேயிலைச் செடி வெட்டிவிடுகிற வேலையை, மொத்தமாகப் பேசி எடுத்து, கத்தியும் உங்களுடையது, மேற்பார்வையும் உங்களுடையது, மலை முடிந்தால்தான் காசு என்றால், நீங்கள் விற்பது முடித்த வேலை. அது பயிர்ச்செய்கைக்கான துணைச் சேவை, 0161. ஹோட்டலைச் சுத்தம் செய்து கொடுப்பதாகப் பேசினால் 8121, காவல் சேவை என்றால் 8010. கம்பனிப் பெயரில் 'மேன்பவர்' என்று இருப்பதால் எதுவும் ஆகிவிடாது.

பழைய பெரிய கங்காணி இரண்டையும் சேர்த்தே செய்தார். ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தார், மலையிலும் தலைக்கு மேல் நின்றார். "நாங்களும் கங்காணி மாதிரித்தான்" என்று சிலர் சொல்லும்போது எனக்கு உறுத்துவதும் அதனால்தான். இன்றைய வகைப்படுத்தலில் அவரை ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது.

78க்குள்ளேயே மூன்று வீடு. ஆளைத் தேடிக் கொடுத்துத் தரகு வாங்கிக்கொண்டு விலகினால் 7810; அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது நீங்கள் அல்ல. வெளிநாட்டு வேலை முகவர்களும் இங்கேதான், ஆனால் இலக்கம் போட்டுவிட்டால் அனுமதி கிடைத்ததாகாது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் தனியாக வேண்டும். வருடக்கணக்கில் இன்னொருவரின் ஆளணியைத் தன் பெயரில் வைத்து, சம்பளமும் வரியும் பார்த்துக் கொடுக்கிற நிறுவனம் 7830. நம் பக்கம் அது அபூர்வம்.

இரண்டு தொழில் செய்பவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். லொறியும் ஓட்டுகிறார், ஆளும் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். லொறிக்கு மாதம் 10 லட்சம் வருகிறது, டீசல், டயர், கராஜ் என்று 7 லட்சம் போகிறது. ஆள் அனுப்புவதில் 6 லட்சம் வருகிறது, 5 லட்சம் சம்பளமாகப் போகிறது. "லொறியில மூணு நிக்குது, ஆளுல ஒண்ணுதான், அப்ப லொறிதான் மெயின்" என்பார். அப்படியில்லை. பிரதான தொழிலைத் தீர்மானிப்பது வரவும் அல்ல, இலாபமும் அல்ல, கூட்டிய பெறுமதி. வெளியே வாங்கிய பொருளையும் சேவையையும்தான் அதில் கழிக்க வேண்டும், சம்பளத்தைக் கழிக்கக் கூடாது. லொறியில் 3, ஆளில் கிட்டத்தட்ட 6. இவர் 7820தான்.

இலக்கத்தை வைத்துச் சட்டத்தைத் தாண்டப் பார்ப்பதுதான் எனக்குக் கோபம் வருகிற தவறு. "டெம்பரரி ஆளுக்கு ஈ.பி.எப். எதுக்கு?" என்பார்கள். ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதி தற்காலிக ஆளுக்கும் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதற்கு மேல் முதலாளி தருகிற ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கிற சம்பளச் சபைகளின் தொழில் பிரிப்பும் வேறு கணக்கு, 1941ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. 2021 மார்ச்சில் தோட்ட நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியது அப்படியொரு சபைதான். 7820 என்று எழுதிவிட்டால் அந்தச் சபை நம்மைத் தொடாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

மஸ்கெலியாக்காரர் இப்போது இரண்டு பில் புத்தகம் வைத்திருக்கிறார். ஒன்றில் 'ஆள், நாள்', மற்றதில் 'ஹெக்டேர், வேலை'. மாதக் கடைசியில் இரண்டையும் மேசையில் போட்டுவிட்டு, எது தடிப்பாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்வார். தடிப்பைப் பார்த்துப் பிரயோசனமில்லை என்று நானும் மாதா மாதம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.