திரை போன போன், பின் நம்பர் மறந்த போன்: உள்ளே இருப்பதை எடுப்பது எப்படி?

போன மாதம் எங்கள் பெரியம்மாவின் போன் துவைக்கிற கல்லில் விழுந்துவிட்டது. கண்ணாடி உடைந்ததோடு போகவில்லை, திரை முழுக்கக் கறுப்பு. ஆனால் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, காலை ஐந்து மணி அலாரமும் தவறாமல் அடிக்கிறது. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அத்தனையும் அதற்குள்தான். பக்கத்துக் கடையில் காட்டியபோது "இனி ஒன்றும் வராது, புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா அதை நம்பி அழுதேவிட்டார். ஆனால் உள்ளே இருந்த ஒரு படம்கூடப் போகவில்லை, எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அதே மாதிரி நிலையில் இருப்பவர்களுக்காக, கம்ப்யூட்டர் அதிகம் தெரியாதவர்களும் பின்பற்றும்படி இதை எழுதுகிறேன். இது உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கும், உங்களை நம்பிக் கொடுத்த வீட்டாரின் ஆண்ட்ராய்டு போனுக்கும் மட்டும்.

முதலில் செய்யக் கூடாதவை. போன் ஆன் ஆகிற நிலையில் இருந்தால் உடனே சார்ஜில் போடுங்கள், அணைய விடாதீர்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரில் விழுந்த போனுக்கு இது அப்படியே தலைகீழ்: உடனே அணைக்க வேண்டும், சார்ஜ் போடவே கூடாது, அரிசிக்குள் புதைத்து வைக்காமல் அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். பின் நம்பரை யூகித்து யூகித்துப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள், தவறு கூடக்கூட காத்திருக்கும் நேரம் நீளும், சில போன்களில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தவறினால் தானே அழித்துக்கொள்ளும்படி அமைப்பும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் சொன்னாலும் ரீசெட் போடாதீர்கள், அது உள்ளே இருப்பதை முழுக்க அழித்துவிடும். இந்தக் காலத்துப் போனை ரீசெட் செய்துவிட்டால் அதிலிருந்து பழைய தகவலை எந்த மென்பொருளாலும் திரும்ப எடுக்க முடியாது.

பின் தெரியுமா?

இந்த ஒரு கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதல், அந்தப் பதிப்போடும் அதற்குப் பிந்தைய பதிப்புகளோடும் சந்தைக்கு வந்த எல்லாப் போன்களிலும் தகவல் குறியாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தான் சேமிக்கப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி, நீங்கள் போடும் பின் நம்பரும் அந்தப் போனின் சிப்புக்குள் புதைந்திருக்கும் ரகசியமும் சேர்ந்து உருவாகிறது. அதனால்தான் மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு போர்டில் (போனுக்குள் இருக்கும் முக்கிய மின்சுற்றுப் பலகை) பொருத்தினால் ஒன்றும் வராது. முன்பெல்லாம் சிப்பைக் கழற்றிப் படித்தே எடுத்தார்கள், அந்தக் காலத்துக் கதைகளை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பின் தெரியும் என்றால் போன் எவ்வளவு உடைந்திருந்தாலும் நம்பிக்கை வைக்கலாம், அந்த போர்டு ஒரே ஒரு முறை உயிர்பெற்றால் போதும். பின் தெரியாது என்றால் போன் புத்தம் புதிதாகப் பளபளத்தாலும் உள்ளே போக வழி கிடையாது என்றே வைத்துக்கொண்டு, தேடலைக் கூகுள் கணக்கின் பக்கம் திருப்ப வேண்டும்.

படி 1: போனைத் தொடாமலே எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள்

கம்ப்யூட்டரிலோ வேறு போனிலோ அந்த ஜிமெயில் கணக்கில் நுழைந்து கூகுள் போட்டோஸையும் கூகுள் காண்டாக்ட்ஸையும் திறங்கள். பேக்கப் தானாக ஓடிக்கொண்டிருந்தது தெரியாமலே "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். பேக்கப் ஆன படத்தைத் தவறி அழித்திருந்தாலும் 60 நாள் வரை குப்பைப் பெட்டியில் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். கணக்கில் நுழையும்போது "உங்கள் போனில் ஆம் என்று அழுத்துங்கள்" என்று கேட்கும், அந்தப் போன்தான் உடைந்து கிடக்கிறது. வேறு வழியில் உறுதிசெய்வதற்கான தேர்வை அழுத்தி, எஸ்எம்எஸ் மூலம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அந்த எண் அங்கே வந்துவிடும். வீட்டில் ஏதாவது லேப்டாப்பில் அந்த ஜிமெயில் ஏற்கெனவே திறந்திருந்தால் அதைத் தப்பித்தவறியும் லாக்அவுட் செய்துவிடாதீர்கள், இப்போதைக்கு அதுதான் உங்கள் நல்ல சாவி.

வாட்ஸ்அப் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கூகுள் பேக்கப் இருந்தால், அதே எண், அதே ஜிமெயில் கொண்டு புதிய போனில் எல்லாம் திரும்பி வந்துவிடும். பேக்கப் போட்டிருந்தோமா என்று உறுதியில்லை என்றால், பழைய போனைப் பார்த்து முடிக்கும் வரை புதிய போனில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்ய வேண்டாம், ஏனென்றால் பதிவு செய்த உடனே பழைய போனில் அது வெளியேறிவிடும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் இணைத்திருந்தீர்களா? அங்கே உரையாடல்கள் இருக்கும், வேண்டியதை உடனே சேமித்துக்கொள்ளுங்கள். முதன்மைப் போன் 14 நாளுக்கு மேல் பயன்படுத்தப்படாமல் இருந்தால் அந்த இணைப்பும் அறுந்துபோகும்.

மெமரி கார்டு இருந்தால் கழற்றி கார்டு ரீடரில் போட்டுப் பாருங்கள். சாதாரணமாகப் பயன்படுத்திய கார்டு அப்படியே திறக்கும். போனின் உள் நினைவகமாக மாற்றி வைத்திருந்த கார்டு என்றால் அந்தப் போனில் மட்டும்தான் திறக்கும், அதை ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: திரை தெரிகிறது, டச் வேலை செய்யவில்லை

இருப்பதிலேயே எளிதான நிலை இது. போனில் மவுஸ், கீபோர்டு செருக உதவும் ஓடிஜி அடாப்டர் ஒன்று வாங்குங்கள், உங்கள் போனில் டைப்-சியா மைக்ரோ யுஎஸ்பியா என்று பார்த்து வாங்க வேண்டும். கம்ப்யூட்டரின் யுஎஸ்பி மவுஸை அதில் செருகி, போனில் செருகுங்கள். திரையில் சின்ன அம்புக்குறி வரும், அதை வைத்தே பின் போடலாம், பேட்டர்னும் இழுக்கலாம். ஓப்போ, விவோ, ரியல்மி போன்ற சில போன்களில் ஓடிஜி என்ற அமைப்பை முதலில் செட்டிங்ஸில் ஆன் செய்ய வேண்டியிருக்கும், டச் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அம்புக்குறி வரவே இல்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம், அடுத்த படிக்குப் போய்விடுங்கள்.

மவுஸ் வந்துவிட்டால் எனக்குப் பிடித்த வழி இதுதான்: கூகுள் போட்டோஸைத் திறந்து பேக்கப்பை ஆன் செய்து, வீட்டு வைஃபையில் இணைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மவுஸும் சார்ஜரும் ஒரே துளைதான் என்பதால் வேலையை முடித்ததும் மவுஸைக் கழற்றிச் சார்ஜில் போட வேண்டும். இலவச இடம் 15 ஜிபிதான், அதில் மெயிலும் டிரைவும் சேர்த்தி, ஆகவே வீடியோ அதிகம் இருந்தால் கம்ப்யூட்டருக்கே மாற்றுவது நல்லது.

படி 3: திரை முழுக்கக் கறுப்பு

பெரியம்மாவின் போன் இந்த நிலையில்தான் இருந்தது. மூன்று வழிகள் உண்டு, எனக்கு உதவியது கடைசி வழி.

ஒன்று, டிவியில் பார்ப்பது. டைப்-சி துளை வழியாகப் படத்தை வெளியே அனுப்பும் போன்களில், டிவி கேபிளுக்கான எச்டிஎம்ஐ துளை உள்ள ஒரு ஹப் (ஒரே துளையில் பல கருவிகளை இணைக்கும் பெட்டி) வாங்கி டிவி, மவுஸ், கீபோர்டு மூன்றையும் இணைத்தால் போன் டிவியில் தெரியும். 2017இல் வந்த கேலக்ஸி எஸ்8 முதல் சாம்சங்கின் எஸ் வரிசையில் இது உண்டு. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் கிடையாது, ஹப் வாங்குவதற்கு முன் உங்கள் மாடலுக்கு உண்டா என்று தேடிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது ஸ்கிரீன் காப்பி என்ற இலவச மென்பொருள், ஆங்கிலத்தில் தேடும்போது scrcpy என்று எழுத வேண்டும். போனின் திரை அப்படியே கம்ப்யூட்டரில் தெரியும், மவுஸால் இயக்கலாம். ஆனால் போன் உடைவதற்கு முன்பே யுஎஸ்பி டீபக்கிங் (கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் போனை இயக்க விடும் அமைப்பு) ஆன் ஆகி, அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். பெரியம்மாவின் போனில் எப்படி இருக்கும்! ஆப் உருவாக்குகிறவர்கள் போனில் பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது, யாரும் சொல்லாத, ஆனால் எல்லாருக்கும் பொருந்துகிற வழி. சர்வீஸ் கடைக்குப் போய் "காம்போ (கண்ணாடி, டச், திரை சேர்ந்த பாகம்) மாற்ற வேண்டாம், டெஸ்ட் டிஸ்ப்ளே ஒன்றைக் கனெக்டரில் மாட்டி மட்டும் கொடுங்கள், நான் இங்கேயே உட்கார்ந்து டேட்டா எடுத்துக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். திரையைப் பசை போட்டு ஒட்ட வேண்டியதில்லை, அரைமணி நேரம் எரிந்தால் போதும். அதற்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு கடையில் மறுத்தால் அடுத்த கடை, நான் மூன்றாவது கடையில்தான் செய்துகொண்டேன். திரைக்கடியில் கைரேகை வைக்கும் போன் என்றால் டெஸ்ட் டிஸ்ப்ளேயில் அது வேலை செய்யும் என்று நம்பாதீர்கள், பின்னைக் கையில் வைத்திருங்கள். பின்னைக் கடைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வராமல் நீங்களே போடுங்கள், வேலை முடியும் வரை பக்கத்திலேயே இருங்கள். வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் படங்கள் இருக்கும் போன் அது, இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரு சின்ன உத்தியும் இருக்கிறது. பேக்கப் முன்பே ஆனில் இருந்து, விழுந்த வேகத்தில் போன் ரீஸ்டார்ட் ஆகியிருந்தால், ஒரு முறை பின் போட்டுத் திறக்கும் வரை பேக்கப் ஓடாது. அப்போது ஓடிஜியில் கீபோர்டைச் செருகி, ஸ்பேஸை அழுத்தி, பின்னைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டி என்டர் கொடுங்கள். திறந்துவிட்டால் வைஃபையில் இணைந்து மிச்சப் படங்கள் தானாக மேலே ஏறிவிடும். பேட்டர்ன் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது.

போன் ஆன் ஆகவே இல்லை என்றால் போர்டு வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். "போன் பழையபடி ஓட வேண்டாம், டேட்டா எடுக்கிற அளவுக்கு ஒரு முறை ஆன் ஆனால் போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் செய்கிற வேலையே அதற்கேற்ப மாறும். பல நேரம் பேட்டரியும் சார்ஜிங் போர்டும் மாற்றினாலே உயிர் வந்துவிடும்.

படி 4: கம்ப்யூட்டருக்கு மாற்றுவது

கேபிளில் இணைத்ததும் கம்ப்யூட்டரில் போனின் பெயர் வரும், உள்ளே காலியாக இருக்கும். பயப்பட வேண்டாம், போன் இன்னும் பூட்டியிருக்கிறது அல்லது சார்ஜ் மட்டும் என்ற நிலையில் இருக்கிறது. பின் போட்டுத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தேர்ந்தெடுங்கள்.

கேமராப் படங்கள் டிசிஐஎம் (DCIM) ஃபோல்டரில் இருக்கும். பிக்சர்ஸ், டவுன்லோட் இரண்டையும் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தவை பலருக்கும் கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன: ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் பெயர் போட்ட ஃபோல்டர். அதை முழுசாகவே எடுத்துவிடுங்கள். அதிலுள்ள டேட்டாபேசஸ் ஃபோல்டரில் தினமும் இரவு 2 மணிக்கு எடுக்கப்படும் பேக்கப் இருக்கிறது, புதிய போனில் அதே இடத்தில் அதை வைத்துவிட்டு வாட்ஸ்அப்பை நிறுவினால் கூகுள் பேக்கப் இல்லாமலே உரையாடல்கள் திரும்பிவிடும். வாய்ஸ் நோட்ஸும் அங்கேதான். இப்போது நம்மோடு இல்லாதவர்களின் குரல் பல வீடுகளில் அந்த ஒரு ஃபோல்டரில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள், ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் பகுதி பகுதியாக.

படி 5: பின் மறந்துவிட்டது

போன் ரீஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் கைரேகை இன்னும் திறக்கும். ஆனால் பின் போட்டு 72 மணி நேரம் ஆனதும் போன் மறுபடி பின் கேட்கும், அதன் பிறகு கைரேகை உதவாது. எனவே கைரேகையில் திறந்த அந்த நிமிடமே படி 4க்குப் போய்விடுங்கள். செட்டிங்ஸில் பின்னை மாற்றப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம், பழைய பின் இல்லாமல் மாற்ற விடாது.

சாம்சங் போனில் ரிமோட் அன்லாக் என்பதை முன்பே ஆன் செய்து, போன் இப்போது இணையத்திலும் இருந்தால், சாம்சங் கணக்கு வழியாகத் திறக்க வாய்ப்பு உண்டு. கூகுளின் ஃபைண்ட் ஹப், அதாவது முன்பு ஃபைண்ட் மை டிவைஸ் என்று இருந்தது, போனை ஒலிக்க வைக்கும், பூட்டும், அழிக்கும், ஆனால் திறக்காது. பூட்டிய திரையிலேயே ஜிமெயில் போட்டுத் திறந்த வசதி ஆண்ட்ராய்டு 4.4 வரைதான் இருந்தது. அதை இன்னும் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்து நேரத்தை இழக்காதீர்கள். "டேட்டா போகாமல் லாக் எடுக்கலாம்" என்று பணம் கேட்கும் மென்பொருட்களையும் நம்பாதீர்கள், பெரும்பாலானவை கடைசியில் ரீசெட்தான் போடுகின்றன. உதவுகிறேன் என்று சொல்லி உங்கள் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆப்பை நிறுவச் சொல்பவரிடம் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.

இறந்துபோனவரின் போன் என்றால் கூகுளிடம் விண்ணப்பிக்க ஒரு நடைமுறை இருக்கிறது. பாஸ்வேர்டு தர மாட்டார்கள், சில சூழ்நிலைகளில் கணக்கிலுள்ள தகவலைத் தருவார்கள், ஆவணங்கள் கேட்பார்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, காப்பி ஆன ஃபோல்டரில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பெரியம்மாவின் வீடியோக்களில் நான்கு பாதியில் நின்றிருந்தன, டெஸ்ட் டிஸ்ப்ளேயைக் கழற்றுவதற்கு முன்பே ஓட்டிப் பார்த்ததால் அங்கேயே உட்கார்ந்து மறுபடி எடுத்தேன். நீங்களும் ஒவ்வொரு வீடியோவின் கடைசிப் பகுதியையும் ஓட்டிப் பார்த்து, இன்னொரு பென்டிரைவில் ஒரு பிரதியும் போட்ட பிறகு போனைக் கொடுங்கள்.