இடி மழையில் "களத்துக்கு ஓடு" என்றால்: ஏற்காடு தோட்டத் தொழிலாளர்களுக்கு

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கும்போது வடகிழக்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திருக்காது. களத்தில் காயும் காப்பி நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், விலை விழும். அதனால்தான் மேகம் கறுத்ததும் மேஸ்திரி "ஓடிப்போய் தார்ப்பாய் போடு" என்கிறார். அவர் பயம் பொய்யில்லை. ஆனால் திறந்த களத்தில் நிமிர்ந்து நிற்கும் ஆள்தான் அங்கே உயரமான பொருள், மின்னல் அவர்மேல் இறங்கலாம்.

மறுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வெளிவேலையை நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி வெளியே வரலாம். மழை விட்டதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மழை நின்ற பிறகும் மின்னல் விழும். ஒதுங்க கான்கிரீட் கட்டடம் அல்லது கதவு மூடிய ஜீப் வேண்டும். பக்கச்சுவர் இல்லாத தகரக் கொட்டகை உதவாது. நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்கவே கூடாது: மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும், காற்றில் கிளையும் ஒடிந்து விழும்.

மிளகு பறிக்கவும் நிழல் மரம் கவாத்து செய்யவும் எடுக்கும் அலுமினிய ஏணியைக் காற்று வீசும்போது நிமிர்த்தவே மறுத்துவிடுங்கள். சாய்ந்து 11 கே.வி. உயரழுத்த மின்கம்பியில் பட்டால் பிடித்திருக்கும் எல்லோருக்கும் மின்சாரம் பாயும். அறுந்து கிடக்கும் கம்பியை மூங்கிலால் தள்ளிவிடச் சொன்னாலும் இதே பதில்தான். நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும், ஊரில் கரண்ட் இல்லை என்றாலும் யாரோ ஓட்டும் ஜெனரேட்டரிலிருந்து கம்பிக்கு மின்சாரம் வரலாம். 10 மீட்டர் தள்ளி நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

பிக்கப்பில் ஆட்களை ஏற்றிச் சேலத்துக்கு இறங்கச் சொல்வது இன்னொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் 20 கொண்டை ஊசி வளைவுள்ள அந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சிவப்பு எச்சரிக்கை இருந்தாலோ, சரிவிலிருந்து கல் உதிர்ந்தாலோ, ஓடைத் தண்ணீர் திடீரென்று சேறாகக் கலங்கினாலோ வண்டியை எடுக்காதீர்கள். பாதை நிலவரத்தை 1077-இல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கலாம்.

இனி எப்படிச் சொல்வது. வெறும் "முடியாது" வேலை மறுப்பாகிவிடும், வீட்டுக்குப் போய்விட்டால் ஆப்சென்ட் விழும். என்ன ஆபத்து, எதைச் செய்ய மாட்டோம், எப்போது செய்வோம், அதுவரை என்ன செய்கிறோம் என்ற நான்கும் பேச்சில் வர வேண்டும்:

"மேஸ்திரி, மின்னல் வெட்டி பத்து எண்றதுக்குள்ள இடி கேட்குது. இப்ப களத்துல இறங்க மாட்டோம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனதும் வந்து மூடிடறோம். அதுவரைக்கும் குடோன்ல சாக்கு அடுக்கறோம்."

நான்கைந்து பேர் சேர்ந்து நின்று ஒருவர் பேசினால் போதும். குரலை உயர்த்த வேண்டாம், பேச்சு சண்டையானால் ஆபத்தை விட்டுவிட்டு உங்கள் நடத்தையைத்தான் பேசுவார்கள். அவர் மசியவில்லையா? மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே அனுப்புங்கள்: "சார், மணி 3.10. இடி இடிக்கும்போது களத்துக்குப் போகச் சொல்கிறார்கள். இது உடனடி ஆபத்து. நீங்கள் சொன்னதுதானா?" இந்த ஒரு கேள்விக்கே பல உத்தரவுகள் கைவிடப்படும், உயிர் போகும் வேலையை எழுத்தில் ஒப்புக்கொள்ள யாரும் துணிவதில்லை. அன்றைய வானிலை எச்சரிக்கையையும் மின்னல் எங்கே விழுகிறது என்று போனில் காட்டும் தாமினி செயலியின் படத்தையும் அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், சிறிது நேரத்தில் அவை மாறிவிடும். டவர் இல்லையென்றால் நேரம், உத்தரவு, சொன்னவர் பெயரை நோட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்து வாங்குங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் 14-ஆம் பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் முதலாளிக்கும் அதே நேரத்தில் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைத் தருகிறது. முதலாளி ஏற்காவிட்டால் விஷயம் ஆய்வாளரிடம் போக வேண்டும், அவர் முடிவே இறுதி. தெரிவிப்பதுதான் இதன் அடிப்படை என்பதால், உங்கள் செய்தியில் "உடனடி ஆபத்து" என்ற சொல்லும் நேரமும் கட்டாயம் இருக்கட்டும்.

நீங்கள் மறுத்த வேலைக்குப் புது ஆளை, பெரும்பாலும் மொழி தெரியாத வெளிமாநிலத் தொழிலாளியை அனுப்பப் பார்ப்பார்கள். அவர் கிளம்புமுன் கையைப் பிடித்து நிறுத்தி, வானத்தைக் காட்டி, தாமினிப் படத்தைக் காட்டி, உங்களோடு குடோனில் நிறுத்திக்கொள்ளுங்கள்.