வெளிநாட்டு கிளப்புக்குப் போகும் ஸ்ட்ரைக்கர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்தில் ஒரு லீகில் இருபது கோல் அடித்த ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோலடிப்பவர், எங்கே போனாலும் இருபது அடிப்பார் என்று நம்புவதுதான் முதல் தவறு. இதை ஆட்டக்காரரும் செய்கிறார், ஏஜென்ட்டும் செய்கிறார், கோடிகளைக் கொட்டும் கிளப்பும் செய்கிறது. ஸ்ட்ரைக்கர் அடிக்கும் கோலில் பாதி, பந்து கொடுத்தவருடையது. லிவர்பூலில் சீசன் தவறாமல் கோலடித்த இயன் ரஷ் 1987-ல் இத்தாலிக்கு, யுவென்டஸுக்குப் போனார். அதே கோடையில்தான் அங்கே எல்லோருக்கும் பந்து பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பிளாட்டினி ஓய்வு பெற்றிருந்தார். லீகில் ரஷ் அடித்தது 7 கோல், ஒரே சீசனில் லிவர்பூலுக்கே திரும்பிவிட்டார்.

பெல்ஜியத்தின் ஸ்ட்ரைக்கர் லுகாகு கதை இன்னும் தெளிவானது. இத்தாலியின் இன்டர் மிலானில் கோச் கோன்டே அவரை இன்னொரு ஸ்ட்ரைக்கரான லவுட்டாரோ மார்டினெஸுடன் ஜோடியாக நிறுத்தி, முன்னால் ஓடுவதற்கு இடம் விட்டு ஆட வைத்தார், 2020-21 லீகில் 24 கோல், கூடவே சாம்பியன் பட்டம். அந்தக் கோடையிலேயே லண்டனின் செல்சி சுமார் 9.75 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. அங்கே தனி ஸ்ட்ரைக்கர், முதுகைக் கோலுக்குக் காட்டியபடி பந்தை வாங்கி மற்றவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய வேலை. 2022 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸுடன் முழு ஆட்டமும் ஆடி அவர் பந்தைத் தொட்டது ஏழே முறை. சில மாத இடைவெளியில் ஒருவருக்கு ஆட்டம் மறந்தா போகும்?

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதை விடக் கறாராகக் கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன: ஒற்றை ஸ்ட்ரைக்கரா, இரண்டு பேரா? விங்கில், அதாவது ஓரங்களில், ஆடுபவர்கள் கோல் முன்னால் கிராஸ் போடுகிறவர்களா, தாங்களே உள்ளே வெட்டி வந்து ஷாட் அடிக்கிறவர்களா? என் இடத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போனால் செர்பிய ஸ்ட்ரைக்கர் யோவிச் கதைதான். ஃப்ராங்க்ஃபர்ட்டில் லீகில் 17 கோல் அடித்த கையோடு 2019-ல் ரியல் மாட்ரிட் போனார், அங்கே அந்த இடத்தில் ஏற்கெனவே பென்சிமா. அப்புறம் என்ன, பெஞ்ச்தான். ரியல் மாட்ரிட் கூப்பிட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள் என்கிறீர்களா? சரி, அதுவும் நியாயம்தான்.

கோச்சை நம்பி மட்டும் போவதும் ஆபத்து. ஒப்பந்தம் கிளப்போடு, கோச்சோடு இல்லை. 1986-ல் பார்சிலோனா போன கேரி லினேகருக்கு அங்கே கோச்சும் இங்கிலாந்துக்காரர், டெரி வெனபிள்ஸ். ஸ்பானிஷ் கற்றுக்கொண்டார், ரியல் மாட்ரிடுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், எல்லாம் நன்றாகத்தான் போனது. 1988-ல் க்ரைஃப் கோச்சாக வந்தார், பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே பிழைத்த மனிதரை வலது விங்குக்குத் தள்ளினார். அடுத்த வருடம் லினேகர் டாட்டன்ஹாமில்.

காகித வேலையைக் குறைத்து எடைபோடுவது, குறிப்பாக நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு, எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. சுனில் சேத்ரிக்கு 2009-ல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸோடு மூன்று வருட ஒப்பந்தம் முடிந்தே விட்டது, ஆனால் பணி அனுமதி கிடைக்கவில்லை, காரணம் அன்றைய விதிப்படி அவருடைய நாடு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தரவரிசையில் முதல் 70-க்குள் இருக்க வேண்டும், இந்தியா இல்லை. அவர் எத்தனை கோல் அடித்திருந்தாலும் அந்த விதி அசையாது. இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: பணி அனுமதி கிடைத்தால்தான், மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட ஃபிஃபா விதி இடம் தருவதில்லை. பரிசோதனை, அனுமதி எல்லாம் கையெழுத்துக்கு முன்பே கிளப் முடித்துக்கொள்ள வேண்டிய வேலை. அதேபோல இரண்டு மாதச் சம்பளத்தைக் கிளப் முறையில்லாமல் நிறுத்தினால், எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, கடனைத் தீர்க்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, அதன் பிறகும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியேறலாம். நோட்டீஸ் தராமல் கோபத்தில் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிட்டால் தவறு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

டிரையல்ஸுக்கு அழைத்துப் போகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஆளிடம் ஒரு ரூபாய் கூடத் தர வேண்டாம். ஏஜென்ட் என்றால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், கிளப்பின் கடிதம் வந்தால் அந்த கிளப்புக்கே நேராக எழுதிக் கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து எத்தனையோ பையன்கள் குடும்பத்தின் நிலத்தை விற்று இப்படிப் போய் ஐரோப்பியத் தெருக்களில் நின்றிருக்கிறார்கள். 18 வயதுக்குக் கீழே நாடு விட்டு நாடு மாற்றம், சில விதிவிலக்குகள் தவிர, அனுமதியே கிடையாது.

ஜெர்சியின் பெயரைப் பார்த்து மயங்குவது அடுத்தது. சேத்ரி பிறகு 2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்குப் போனார், ஒரு லீக் ஆட்டம் கூட ஆடக் கிடைக்கவில்லை. 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங், அதுவும் 'பி' அணி, அதாவது கிளப்பின் இரண்டாம் அணி, லீகில் மூன்றே ஆட்டம். பைச்சுங் பூட்டியா 1999-ல் சேர்ந்தது பெரி என்ற சின்ன கிளப், இங்கிலாந்தின் மூன்றாவது அடுக்கு. கோல் கணக்கு பெரிதாக இல்லை, காயமும் படுத்தியது, ஆனாலும் அங்கே அவர் முப்பதுக்கு மேற்பட்ட லீக் ஆட்டங்கள் ஆடினார். ஸ்ட்ரைக்கருக்கு ஆட்ட நேரம்தான் சம்பளம் என்பேன், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் சில மாதம் கோல் வராவிட்டால் பதறுவதும் தவறு, எதையும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று நிற்பதும் தவறு. உருகுவேயின் ஸ்ட்ரைக்கர் டியேகோ ஃபோர்லான் இரண்டுக்கும் உதாரணம். 2002 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் போனவருக்கு முதல் கோல் செப்டம்பரில்தான் வந்தது, அதுவும் பெனால்டி. ஈரப் புல்லில் அடியில் நீள ஸ்டட் (வழுக்காமல் பிடிக்கும் முனை) வைத்த பூட்ஸ் போடு என்று கோச் ஃபெர்குசன் சொல்லியும் பழகிய குட்டை ஸ்டட்டையே போட்டு, செல்சியுடன் கோல் முன்னால் வழுக்கி விழுந்ததை அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆனால் 2004-ல் ஸ்பெயினின் வில்லார்ரியலுக்குப் போன முதல் சீசனிலேயே லீகில் 25 கோல், ஐரோப்பிய லீகுகளில் அதிகக் கோலடித்தவருக்கான தங்க பூட் விருதைப் பிரான்ஸின் ஆன்ரியோடு பகிர்ந்துகொண்டார். அதே ஆன்ரியும் 1999-ல் யுவென்டஸில் ஓரமாக ஆட வைக்கப்பட்டு சில மாதங்களில் கிளம்பியவர்தான், பிறகு ஆர்சனலுக்கு மொத்தம் 228 கோல்.

பேட்டி கொடுப்பதில் கவனம் வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கடுப்பில் பழைய ஊர் டிவிக்கு மனம் திறந்தால் அது மறுநாளே புது கிளப்பின் ஊரில் மொழிபெயர்ந்து வந்துவிடும். 2021 டிசம்பரில் லுகாகு இத்தாலிய டிவியில், செல்சியில் தான் மகிழ்ச்சியாக இல்லை, இன்டருக்குத் திரும்ப ஆசை என்றார். ஜனவரி 2 அன்று லிவர்பூலுடனான ஆட்டத்தில் அவர் அணியிலேயே இல்லை. மன்னிப்புக் கேட்டார், மறுபடி ஆடினார், ஆனால் அந்தக் கோடையில் கடனாக, அதாவது செல்சி ஆட்டக்காரராகவே இருந்தபடி தற்காலிகமாக, இன்டருக்கே போனார்.